வன்னிக் கடைக்காரருக்கும் கமக்காரருக்கும் வருமான வரி: கொப்பியில் எழுதுவது முதல் தாக்கல் செய்வது வரை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கு எடுத்தாலும் சிறு வியாபாரிகளில் பெரும்பாலானோருக்கு வரும் வருமான வரி சிறிய தொகைதான். பலருக்கு அது பூச்சியமாகவும் இருக்கும். ஆளை விழுத்துவது வேறு மூன்று விடயங்கள்: எழுதாத கணக்கு, தவறிய திகதி, வைத்திருக்காத துண்டு. 18,000 ரூபா வரி கட்டவேண்டிய ஒருவர் விவரத்திரட்டை, அதாவது ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டிக் கொடுக்கும் படிவத்தை, தாக்கல் செய்யாமல் விட்டால் அதற்கான தண்டம் 50,000 ரூபாவில் தொடங்குகிறது. ஆகவே "எனக்கு எவ்வளவு வரி வரும்" என்று பயப்படுவதற்கு முன் கணக்கைச் சரிப்படுத்துங்கள்.

முதலில் ஆண்டு. இலங்கையில் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான காலத்தை 2025/2026 என்று எழுதுவார்கள். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கொப்பி எழுதும் கடைகளில் ஆண்டு முடிவில் கணக்கு இரண்டாக உடைகிறது. பிறகு அதை ஒட்டவைக்க இரட்டிப்பு வேலை. புதுக் கொப்பியை ஏப்ரல் 1 இல் தொடங்குங்கள்.

யாருக்கு வரி, எவ்வளவு

2025/2026 ஆம் ஆண்டிலிருந்து தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. சம்பளம், வியாபார இலாபம், வாடகை, வட்டி எல்லாவற்றையும் கூட்டி, அதில் இந்தத் தொகையைக் கழித்து, மிஞ்சுவதற்குத்தான் வரி. மிஞ்சுவதில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 30, அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 36 வீதம். முந்திய 2024/2025 ஆம் ஆண்டுக்கு நிவாரணம் 12 இலட்சம்தான், படிகளும் வேறு. பழைய ஆண்டைப் பிந்தித் தாக்கல் செய்பவர் புதிய ஆண்டின் நிவாரணத்தைப் போட்டால் கணக்கு பிழைக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, விற்பனையை வருமானம் என்று எண்ணுவது. ஆண்டுக்கு ஒன்றேமுக்கால் கோடிக்கு விற்கும் பலசரக்குக் கடையின் இலாபம் இருபது இலட்சத்தைச் சுற்றி நிற்கலாம். வருமான வரி இலாபத்துக்கு. விற்பனைத் தொகையைப் பார்ப்பது வற் வரிக்கு, அதாவது பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டுமா என்று தீர்மானிக்கும்போதுதான்.

டின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், வேறு. வரி கட்டும் கடமை வேறு. 18 வயதைத் தாண்டியவர்கள் டின் எடுக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, அதை எடுத்தால் மாதாமாதம் வரி அறவிடுவார்கள் என்ற கதை ஊரெல்லாம் பரவியது. அப்படி இல்லை. வருமானம் நிவாரணத்துக்குள் நின்றால் டின் இருந்தாலும் வரி பூச்சியம். ஆனால் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் உங்கள் பெயருக்கு விவரத்திரட்டு கேட்டு அறிவித்தல் அனுப்பிவிட்டால், வருமானம் குறைவு என்று சும்மா இருக்கக்கூடாது. பூச்சியம் என்று காட்டியாவது தாக்கல் செய்யவேண்டும்.

டின் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பதியலாம். தேசிய அடையாள அட்டையின் இரு பக்கப் படமும், கைத்தொலைபேசி இலக்கமும், மின்னஞ்சல் முகவரியும் தேவை. வியாபாரம் என்றால் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். கிடைப்பது ஒன்பது இலக்க எண்.

பலர் கொமினிகேஷன் கடையில் கொடுத்துப் பதிகிறார்கள். பதிவதில் பிழையில்லை. ஆனால் அங்கே கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுவிடுவதுண்டு. கடவுச்சொல், பின் (PIN) இலக்கம், அறிவித்தல் எல்லாம் அவருக்கே போகும். இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கடை பூட்டியிருக்கும், உங்களுக்கு வந்த அறிவித்தல் உங்கள் கண்ணிலேயே படாது. மின்னஞ்சல் இல்லாதவர் முதலில் தன் பெயரில், அல்லது வீட்டுப் பிள்ளையின் உதவியோடு, ஒன்றைத் தொடங்கிவிட்டுப் பதியட்டும். ஏற்கெனவே பதிந்தவர் தொடர்பு விபரத்தை இன்றே சரிபார்க்கலாம். திணைக்களத்தின் அழைப்பு இலக்கம் 1944.

பழைய பத்து எழுத்து அடையாள அட்டையும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையும் வைத்திருந்தவர்கள், முன்பு எப்போதாவது பதிவு நடந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பிப்பது நல்லது. ஒருவருக்கு இரண்டு இலக்கம் இருந்தால் கட்டிய பணம் ஒன்றிலும் கடமை மற்றதிலும் நிற்கும்.

கடைக் கணக்கு

சட்டப்படி கணக்கைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் எந்த மொழியிலும் எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதத் தெரியாது என்பதால் ஒருவரும் கணக்கு எழுதாமல் விடத் தேவையில்லை. ஒரு சிறு கடைக்கு நாலு கொப்பி போதும். ஒன்றில் அன்றன்றைய விற்பனை. மற்றதில் கொள்முதல், அதோடு சிட்டை இலக்கம். மூன்றாவது செலவு. நான்காவது கடன் கொப்பி: நீங்கள் கொடுக்கவேண்டியது ஒரு பக்கம், உங்களுக்கு வரவேண்டியது மறுபக்கம். வங்கிக் கணக்கில் வியாபாரத்துக்கென்று ஒன்றைத் தனியே வையுங்கள். வீட்டுச் செலவும் கடைப் பணமும் ஒரே கணக்கில் ஓடினால், ஆண்டு முடிவில் எந்த வைப்பு விற்பனை, எந்த வைப்பு லண்டனிலிருந்து அக்கா அனுப்பியது என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததை விற்பனை என்று எடுத்துக்கொள்ள அதிகாரிக்கு இடம் கிடைக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது மார்ச் 31 இரவு கடையில் இருந்த சாமான் கணக்கு. இதைப் பலர் செய்வதில்லை. செய்யாததால் வரும் பிழை பெரிது. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் மதிப்பீட்டு ஆண்டு முடிகிறது. அந்த நேரம் கடை நிரம்பியிருக்கும். சீனி, மா, எண்ணெய், உடுபுடவை எல்லாம் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு இறக்கியாயிற்று, விற்பனை ஏப்ரல் இரண்டாம் கிழமையில். அந்தக் கொள்முதலை முழுச் செலவாக எழுதி, மிஞ்சிய சரக்கைக் கழிக்காமல் விட்டால் இலாபம் இல்லாதது போல் தெரியும். மறுபுறம் சரக்கை எண்ணி, கடனுக்கு வந்த சிட்டையை கொள்முதலில் சேர்க்க மறந்தால் இல்லாத இலாபத்துக்கு வரி கட்டுவீர்கள். இரண்டையும் ஒரே நாளில் எடுக்கவேண்டும்: இறாக்கையில் இருக்கும் சரக்கு, வாங்கிய விலையில். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க இருக்கும் நிலுவை, சிட்டைப்படி.

ஒரு கடையின் கணக்கை இப்படிப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் சரக்கு 18,00,000. ஆண்டில் வாங்கியது, கடன் சிட்டை உட்பட, 1,42,00,000. முடிவில் எஞ்சிய சரக்கு 24,00,000. அப்போது விற்ற சரக்கின் கிரயம் 18,00,000 + 1,42,00,000 − 24,00,000 = 1,36,00,000. விற்பனை 1,75,00,000. மொத்த இலாபம் 39,00,000. செலவுகள்: கடை வாடகை மாதம் 30,000 வீதம் 3,60,000, இரண்டு வேலையாட்களுக்கு மாதம் 32,000 வீதம் 7,68,000, அவர்களின் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், 92,160, நம்பிக்கை நிதி 3 வீதம், 23,040, மின்சாரம் 96,000, ஏற்றிறக்கும் வாகனக் கூலி 1,80,000, வியாபாரக் கடன் வட்டி 1,20,000, ஐந்து இலட்சத்துக்கு வாங்கிய குளிர்ப்பெட்டிக்கும் இறாக்கைக்கும் தேய்மானம் 1,00,000, உரிமக் கட்டணமும் சில்லறைச் செலவும் 60,800. மொத்தச் செலவு 18,00,000. தேறிய இலாபம் 21,00,000. நிவாரணம் 18 இலட்சம் போக மிகுதி 3,00,000. அதற்கு 6 வீதம், 18,000 ரூபா. மாதத்துக்கு 1,500.

இதே கடைக்காரர் சரக்குக் கணக்கை இரண்டு முனையிலும் விட்டிருந்தால் கொள்முதல் 1,42,00,000 முழுவதும் கிரயமாகி, தேறிய இலாபம் 15 இலட்சம் என்று வந்திருக்கும். வரி இல்லை என்று நிம்மதியாக இருந்திருப்பார். அது பொய்க் கணக்கு, அவர் அறியாமலே.

செலவுப் பக்கத்தில் ஏற்கப்படாதவையும் உண்டு. வீட்டுக்கு எடுத்த சாமான் செலவில்லை. அதை ஒரு கொப்பியில் கிரய விலையில் எழுதி இலாபத்தோடு திருப்பிக் கூட்டவேண்டும். பிள்ளையின் படிப்புச் செலவு, கோயில் உபயம், வீட்டு மின்சாரம் எதுவும் வராது. கடையும் வீடும் ஒரே மானியில் ஓடினால் நியாயமான பங்கைப் பிரித்துக் காட்டுங்கள், எப்படிப் பிரித்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். வருமான வரியே வியாபாரச் செலவில்லை, தண்டப்பணமும் அப்படியே.

கடன் கொப்பியில் வராமல் போன பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அறுவடைக்குத் தருவதாகச் சாமான் எடுத்தவர் தரவில்லை என்றால், உடனே அதை நட்டமாக எழுத முடியாது. கேட்டுப் பார்த்த சான்று வேண்டும்: அனுப்பிய கடிதம், செய்தி, இணக்க சபைக்குப் போயிருந்தால் அதன் பதிவு. எல்லா முயற்சியும் முடிந்த பிறகே அது அறவிட முடியாக் கடன்.

உழவு இயந்திரமும் லீசிங்கும்

உழவு இயந்திரம், லொறி, அரிசி ஆலை இயந்திரம் போன்றவற்றின் பெறுமதியை ஐந்து ஆண்டுக்குச் சமமாகப் பிரித்துத் தேய்மானமாகக் கழிக்கலாம். 30 இலட்சத்துக்கு வாங்கிய இயந்திரம் என்றால் ஆண்டுக்கு 6 இலட்சம். கட்டடத்துக்கு இருபது ஆண்டு. வீட்டுப் பாவனைக் காருக்குத் தேய்மானம் கேட்க முடியாது.

லீசிங்கில் எடுத்தவர்கள் மாதத் தவணை முழுவதையும் செலவாக எழுதுகிறார்கள். அது பிழை. தவணையில் ஒரு பகுதி வட்டி, மிகுதி முதல். வட்டிதான் செலவு. முதல் பகுதி தேய்மானம் வழியாகத்தான் கழிகிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒரே இயந்திரத்துக்கு இரண்டு தரம் கழித்ததாக முடியும். லீசிங் நிறுவனத்திடம் தவணை அட்டவணையைக் கேட்டு எடுங்கள், அதில் வட்டியும் முதலும் பிரித்திருக்கும். நுண்கடன் எடுத்தவரும் இப்படியே. கடன் வியாபாரத்துக்குப் போயிருந்தால் மட்டுமே வட்டி செலவு. கலியாணத்துக்கு எடுத்த கடனின் வட்டி கடைக் கணக்கில் ஏறாது.

கமக்காரர்

கமத்துக்கு வரியே இல்லை என்ற நம்பிக்கை இன்னும் பலமாக இருக்கிறது. தன் விளைச்சலைப் பதப்படுத்தாமல் விற்பவருக்கு 2019 ஏப்ரல் 1 இலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கென்று கொடுத்த விலக்கிலிருந்து வந்த நம்பிக்கை அது. காலம் குறித்துக் கொடுத்த சலுகையை என்றைக்கும் உள்ளது என்று எண்ணிக் கணக்கு எழுதாமல் இருப்பது ஆபத்து. இரண்டு மூன்று ஏக்கர் செய்பவருக்கு 18 இலட்சம் தேறிய இலாபம் வராது, அவர் கவலைப்படத் தேவையில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் போன்ற குளங்களின் கீழ் ஐம்பது அறுபது ஏக்கர் செய்பவரும், சொந்தமாக வெட்டு இயந்திரம் வைத்து வாடகைக்கு விடுபவரும், நெல் வாங்கி விற்பவரும் கணக்கு எழுதியே ஆகவேண்டும். இயந்திர வாடகையும் நெல் வியாபாரமும் தன் விளைச்சலை விற்கும் வருமானமல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

போகக் கணக்கும் வரி ஆண்டும் பொருந்தும் விதத்தைப் பாருங்கள். சிறுபோகம் முழுவதும் ஒரே ஆண்டுக்குள் முடிகிறது. காலபோகம் ஐப்பசியில் விதைத்து தை, மாசியில் வெட்டுவது. செலவும் அறுவடையும் மார்ச் 31 க்கு முன். ஆனால் விலை ஏறட்டும் என்று நெல்லைக் களஞ்சியத்தில் போட்டு மே, ஜூனில் விற்பவருக்கு விற்பனை அடுத்த ஆண்டுக்குப் போகிறது. அவர் மார்ச் 31 இல் இருந்த மூடைகளை எண்ணி, எடையும் சேர்த்துக் குறித்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஓராண்டு பெரும் நட்டமும் அடுத்த ஆண்டு பெரும் இலாபமும் தெரியும். பெரும் இலாபம் தெரியும் ஆண்டில் 6 வீதப் படியைத் தாண்டி 18, 24 என்று ஏறிவிடும்.

கூலிக்கும் உழவுக்கும் எவரும் பற்றுச்சீட்டு தருவதில்லை. நீங்களே ஒரு வவுச்சர் எழுதுங்கள்: திகதி, வேலை செய்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன வேலை (உழவு, களை எடுப்பு, மருந்தடி, வெட்டு), எத்தனை ஏக்கர் அல்லது எத்தனை நாள், கொடுத்த தொகை, அவரின் கையொப்பம். அச்சடித்த புத்தகம் தேவையில்லை. நெல் வாங்கும் வியாபாரியும் ஒவ்வொரு கமக்காரருக்கும் இதே மாதிரி எழுதவேண்டும்; மூடை, எடை, கிலோ விலை மூன்றும் இருக்கட்டும். கையொப்பமில்லாத கொள்முதல் கணக்கை அதிகாரி தள்ளிவிட்டால் விற்ற தொகை முழுவதும் இலாபமாகிவிடும்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்த நெல்லுக்கு விற்பனை இல்லை, ஆகவே அதை விளைவித்த செலவுப் பங்கையும் கழிக்கக்கூடாது. மானிய உரம், விதை கிடைத்திருந்தால் நீங்கள் உண்மையாகக் கொடுத்த பணம் மட்டுமே செலவு.

வெள்ளத்தால் அழிந்த ஆண்டில் கணக்கு எழுதுவதில் பலருக்கு மனமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது போட்ட விதையும் உரமும் நீரோடு போனவர்கள் உண்டு. அந்த ஆண்டுக் கணக்குத்தான் மிகவும் தேவையானது. வியாபார நட்டத்தை அடுத்த ஆறு ஆண்டுகளுக்குக் கொண்டுபோய்க் கழிக்கலாம். அதற்கு நட்டம் நடந்த ஆண்டின் விவரத்திரட்டில் அது பதிவாகியிருக்கவேண்டும். கிராம அலுவலர் கடிதம், கமநல சேவை நிலையத்தில் கொடுத்த சேத விபரத்தின் பிரதி, வயலின் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வியாபாரச் சேதத்துக்குக் காப்புறுதிப் பணம் கிடைத்திருந்தால் அது வரவில் ஏறவேண்டும்.

சம்பளக்காரர், வைப்பு வைத்திருப்பவர், வாடகை வாங்குபவர்

மாதச் சம்பளம் 1,50,000 ரூபாவைத் தாண்டினால் தொழில் கொடுப்பவரே வரியைக் கழித்துக் கட்டுவார். அதற்குக் குறைந்த சம்பளம் வாங்கும் ஆசிரியர், தாதி, அலுவலர் பலர் தங்களுக்கும் வரிக்கும் தொடர்பில்லை என்று இருக்கிறார்கள். சம்பளத்தோடு வேறு வருமானம் சேரும்போதுதான் சிக்கல். மாதம் 1,10,000 வாங்கும் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 13,20,000. மாலை வகுப்பில் மாதம் 60,000 வீதம் பத்து மாதம், 6,00,000. நிலையான வைப்பு வட்டி 2,00,000. கூட்டினால் 21,20,000. நிவாரணம் போக 3,20,000, வரி 19,200. ஆனால் வங்கி வட்டியில் 10 வீதம், 20,000 ரூபா, ஏற்கெனவே கழித்துவிட்டது. அந்த வரவு இருப்பதால் கட்டவேண்டியது ஒன்றுமில்லை, 800 ரூபா மேலதிகம். இதை விவரத்திரட்டில் காட்டாவிட்டால் அந்த 20,000 ரூபாவை உங்கள் பக்கத்துக்குக் கணக்கிட ஒருவரும் இல்லை. ஆகவே ஏப்ரல், மே மாதத்தில் வங்கிக்குப் போய் வரி கழித்த சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வங்கியில் வைப்பு இருந்தால் ஒவ்வொன்றிலும்.

ஆண்டு வருமானம் மொத்தமாக 18 இலட்சத்தைத் தாண்டாதவர், டின் இலக்கத்தோடு சுய பிரகடனத்தை வங்கியில் கொடுத்தால் வட்டியில் 10 வீதம் கழிப்பதை நிறுத்தலாம். ஓய்வூதியமும் வைப்பு வட்டியும் கொண்டு சீவிக்கும் முதியவர்களுக்கு இது மாதச் செலவையே மாற்றும் தொகை. வீட்டில் அப்பா அம்மாவுக்கு வைப்பு இருந்தால் பிள்ளைகள் இதைச் செய்து கொடுங்கள். வருமானம் கூடியவர் பொய்யாகப் பிரகடனம் கொடுத்தால் பிறகு வரியோடு தண்டமும் வரும்.

வீடு, கடை அறை வாடகைக்கு விடுபவருக்கு வாடகையில் 25 வீதம் திருத்த வேலைக்கான நிவாரணமாகக் கழியும். பற்றுச்சீட்டு காட்டத் தேவையில்லை. மாதம் 40,000 என்றால் ஆண்டுக்கு 4,80,000, அதில் 3,60,000 தான் கணக்கில் சேரும். வீட்டுக் கூரையில் தேசிய மின்கட்டமைப்புடன் இணைத்துச் சூரியப் படலம் போட்டவர் ஆண்டுக்கு 6 இலட்சம் வரை கழிக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுச் செலவுக்கும் அன்பளிப்பாகவும் வருவது வருமானமல்ல, அதற்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் காணி வாங்கி, வீடு கட்டி, விவரத்திரட்டின் சொத்துப் பகுதியில் காட்டும்போது, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். வங்கி வழியாக வந்திருந்தால் ஒரு துண்டில் பதில் முடிந்துவிடும். உண்டியலில் வந்த பணத்துக்குக் காட்ட எதுவுமில்லை. இதே வெளிநாட்டுப் பணம் நீங்கள் செய்த வேலைக்கு, கணினி வேலை, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்கு, கூலியாக வந்தால் அது வருமானம். வங்கி மூலம் நாட்டுக்குள் கொண்டுவந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கு உச்ச வீதம் 15.

திகதிகளும் பணம் சேரும் காலமும்

வரி நான்கு தவணையில் கட்டவேண்டும்: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிச்சம் இருந்தால் செப்டெம்பர் 30. விவரத்திரட்டு நவம்பர் 30. 2025/2026 க்கான கடைசித் தவணை 2026 மே 15, மிகுதி 2026 செப்டெம்பர் 30, விவரத்திரட்டு 2026 நவம்பர் 30.

வன்னியில் பணம் புழங்கும் காலம் வேறு. நவம்பர் 15 மிகவும் இறுக்கமான நாள். விதைப்பு முடிந்து உரத்துக்கும் களைநாசினிக்கும் பணம் தேடும் நேரம், கடைக்காரரின் பணமும் கடன் கொப்பியில் கிடக்கும். ஆகவே சிறுபோக நெல் விற்ற செப்டெம்பரிலேயே நவம்பர் தவணையை ஒதுக்கி வையுங்கள். பெப்ரவரி, மே தவணைகள் காலபோகப் பணத்தில் இலகுவாக முடியும்.

தவறினால் என்ன என்று தெரிந்திருக்கட்டும். விவரத்திரட்டு பிந்தினால், வரியின் 5 வீதமும் மாதம் 1 வீதமும் ஒரு கணக்கு. 50,000 ரூபாவும் மாதம் 10,000 ரூபாவும் மறு கணக்கு. இரண்டில் பெரியது தண்டமாகும், 4 இலட்சத்தைத் தாண்டாது. சிறிய வரிக்காரருக்கு எப்போதும் இரண்டாவதுதான் பெரியது. பணம் பிந்தினால் 14 நாளுக்குப் பிறகு, தவணைக்கு 10 வீதமும் இறுதி வரிக்கு 20 வீதமும் தண்டம், அதற்கு மேல் மாதம் 1.5 வீதம் வட்டி. இதிலிருந்து ஒன்று விளங்கும்: கையில் பணம் இல்லாவிட்டாலும் விவரத்திரட்டை நேரத்துக்குக் கொடுங்கள். பணத்துக்குத் தவணை கேட்டு எழுதலாம்.

பணம் கட்டும்போது வரி வகையும் காலக் குறியீடும் சரியா என்று இரண்டு தரம் பாருங்கள். குறியீடு பிழைத்தால் பணம் வேறு ஆண்டுக்குப் போய் நிற்கும், இந்த ஆண்டு கட்டாதது போல் அறிவித்தல் வரும்.

தாக்கல்

இணையத்தில் தாக்கல் செய்ய டின், பின் இலக்கம் இரண்டும் வேண்டும். சம்பளம், வியாபாரம், முதலீடு என்று வருமானம் பிரிந்து வரும்; பிறகு கழிவுகள், பிறகு ஏற்கெனவே கட்டிய வரி, கடைசியில் சொத்தும் கடனும். சம்பளக்காரர் தொழில் கொடுத்தவரிடம், ஆண்டுச் சம்பளத்தையும் கழித்த வரியையும் காட்டும் டி10 சான்றிதழ் வாங்கியிருக்கவேண்டும். சொத்துப் பகுதியில் காணி, வாகனம், வங்கி இருப்பு, நகை எல்லாம் வரும். அடகில் இருக்கும் நகையும் உங்கள் சொத்துத்தான். அடகுக் கடன் மறுபக்கம் கடனாக எழுதப்படும்.

எழுதியதைச் சேமித்து வைத்துவிட்டுத் தாக்கல் முடிந்தது என்று எழும்பிப் போகிறவர்கள் பலர். சேமிப்பது வேறு, சமர்ப்பிப்பது வேறு. ஏற்றுக்கொண்டதற்கான இலக்கம் திரையில் வந்தால்தான் முடிந்தது. அதை அச்சடித்தோ படமெடுத்தோ வையுங்கள். கணக்காளரிடம் கொடுத்தவர் அவரிடம் கேட்டு வாங்கவேண்டியதும் இந்த இலக்கத்தைத்தான்.

வற் வரி பற்றிச் சுருக்கமாக. 2024 ஜனவரி 1 முதல் ஆண்டு விற்பனை 6 கோடி அல்லது காலாண்டு விற்பனை ஒன்றரைக் கோடியைத் தாண்டினால் பதியவேண்டும், வீதம் 18. 2026 வரவு செலவுத் திட்டம் இந்த எல்லையை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தது. சீமெந்து, கம்பி விற்கும் இரும்புக் கடைகளும் மொத்த வியாபாரிகளும் இலாபம் குறைவாக இருந்தாலும் இந்த எல்லையை எளிதில் தொடும். ஒவ்வொரு காலாண்டும் கூட்டிப் பாருங்கள். பதியாதவர் சிட்டையில் வற் என்று அறவிடவே கூடாது.

வேலையாள் ஒருவர் இருந்தாலும் சேமலாப நிதி கட்டவேண்டும்: அவர் பங்கு 8, உங்கள் பங்கு 12 வீதம், அடுத்த மாத முடிவுக்குள். பிரதேச சபை உரிமமும் ஆதனவரியும் வருமான வரியோடு சேராதவை. முழு ஆண்டு ஆதனவரியை ஜனவரி 31 க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும்.

அறிவித்தல் வந்தால்

கடித உறையைத் திறக்காமல் இறாக்கையில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் கேடான பழக்கம். மதிப்பீடு பிழை என்று கண்டால் அறிவித்தல் கிடைத்த 30 நாளுக்குள் ஆணையாளர் நாயகத்துக்கு மீளாய்வு கேட்டு எழுதவேண்டும். தமிழிலேயே எழுதலாம். "வரி கூடிவிட்டது" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்த ஆண்டு, எந்தத் தொகை பிழை, உங்கள் கணக்கின்படி எவ்வளவு, அதற்கு எந்தச் சிட்டை அல்லது வங்கிக் கூற்று சான்று என்று ஒவ்வொன்றாக எழுதி, மூலப் பத்திரத்தை வைத்துக்கொண்டு பிரதியை இணையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் கந்தோர் துண்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

கொப்பிகளையும் சிட்டைகளையும் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்கவேண்டும். ஆண்டுக்கு ஒரு உறை, வெளியே ஆண்டை எழுதி, நீர் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில், தரையில் வைக்காமல் உயரத்தில். சிட்டை மை ஆறு மாதத்தில் மங்கிவிடும் கடதாசியாக இருந்தால் வாங்கிய அன்றே கைத்தொலைபேசியில் படமெடுத்து, மாத வாரியாகப் பிரித்து, வெளியூரில் இருக்கும் பிள்ளை ஒருவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.